துண்டுத் துணியும் ஒரு பெண்ணின் பெயரும்



சட்டை தைத்து மிஞ்சும் வெட்டுத்துண்டுகளை என்ன செய்கிறீர்கள்? பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகின்றன, இல்லையா? அத்தகைய துண்டுகளை இணைத்துத் தைத்த போர்வைகளுக்கென்றே அமெரிக்காவில் ஒரு நூதனசாலை இருக்கிறது. கென்டக்கி மாநிலத்தில், ஒஹாயோ நதிக்கரையிலுள்ள பதூக்கா என்னும் சிறு நகரில், பில், மெரிடித் ஷ்ரோடர் தம்பதியர் உருவாக்கிய இது 1991இல் திறக்கப்பட்டது. 2008இல் அமெரிக்கக் காங்கிரஸ் இதற்குத் தேசிய அங்கீகாரம் வழங்கியது.

இப்போர்வையைக் 'குயில்ட்' என்பர். மேலே ஒட்டுத்துணி, நடுவே பஞ்சு, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் பிடித்து நிறுத்துவது பொறுமையுடன் ஓட்டிய சிறு தையல்களே. வெளிச்சம் பட்டால் சாயம் மங்கும். நெடுநாள் தொங்கினால் தன் பாரத்தாலேயே துணி இழுபடும். ஆகவே நூதனசாலையில் இவற்றை மாற்றி மாற்றியே காட்சிக்கு வைக்கிறார்கள்.

ஹரியட் பவர்ஸ் என்ற பெண்மணியின் கதையைக் கேளுங்கள். 1837இல் ஜோர்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் கதைகளைத் துணியில் உருவங்களாக வெட்டிப் பொருத்தி ஒரு குயில்ட் தைத்தார். கஷ்டம் வந்தபோது, 1891இல், அதை விற்க நேர்ந்தது. அவர் கேட்டது 10 டொலர், கிடைத்தது 5. விற்ற பிறகும் அதைப் பார்ப்பதற்காகவே பலமுறை வந்து போனாராம். வாங்கியவர் ஒரு நல்ல காரியம் செய்தார். ஒவ்வொரு படத்துக்கும் ஹரியட் சொன்ன விளக்கத்தைக் கேட்டு எழுதி வைத்தார். இன்று அந்தக் குயில்ட் வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் நூதனசாலையில் இருக்கிறது. தைத்தவரின் பெயரும் கூடவே வாழ்கிறது.

வங்காளத்தில் முஸ்லிம் பெண்களும் இந்துப் பெண்களும் பழைய சாரிகளை அடுக்கி, சாரிக் கரையில் உருவிய நூலாலேயே 'நக்ஷி கந்தா' தைத்தார்கள். வீண்விரயமில்லாத அந்த அழகைத் தந்த எத்தனையோ கைகளின் பெயர்கள் நமக்குத் தெரியாமலே போய்விட்டன.

சகோதரியே! உங்கள் உம்மம்மா தைத்த தலையணை உறையோ தொட்டில் விரிப்போ அலுமாரியில் கிடக்கலாம். பொலித்தீன் பையில் கட்டி வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். கழுவிய பருத்தித் துணியில் சுற்றி, இடைக்கிடை மடிப்பை மாற்றி வையுங்கள். யார் தைத்தது, யாருக்காக, எப்போது என்று ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள்.

உம்மம்மா உயிரோடிருந்தால் இன்றே போய்க் கேளுங்கள். நாளை கேட்கலாம் என்று நாம் தள்ளிப்போட்ட எத்தனை கேள்விகளுக்குப் பதில் சொல்ல இன்று ஆளில்லை!