அப்பாவோட ஓடிபி அப்பாவுக்கே வரணும்

போன வருஷம் நம்ம சேனல்ல "சீனியர் சிட்டிசன்கள் போன்ல இருக்க வேண்டிய 10 ஆப்"னு ஒரு வீடியோ போட்டிருந்தேன். நல்லா போன வீடியோ. இன்னமும் அதுக்கு கமெண்ட் வருது. இந்த ஆயுத பூஜை லீவுக்கு உடுமலைக்குப் போனப்ப, அந்த பத்துல எங்க அப்பா போன்ல எத்தனை இருக்குனு பார்த்தேன். ஒண்ணுகூட இல்லை. அதைவிட மோசமான விஷயம், மூணு மாசமா அவருக்கு பென்ஷனே வரலை. அது எனக்குத் தெரியவும் இல்லை.

அப்பா ஒரு ஸ்பின்னிங் மில்லுல 31 வருஷம் வேலை பார்த்தவர். இ.பி.எஸ்-95 பென்ஷன், மாசம் 2,740 ரூபாய். சிரிக்காதீங்க, இந்தத் திட்டத்துல குறைந்தபட்ச பென்ஷனே 1,000 ரூபாய்தான், அதுவும் 2014 செப்டம்பர்ல இருந்துதான். அதோட ஒப்பிட்டா அவர் பணக்காரர். ரிட்டயர் ஆனப்ப வந்த பி.எஃப். பணத்தை நான்தான் சீனியர் சிட்டிசன் சேவிங்ஸ் ஸ்கீம்ல போட்டு வச்சிருக்கேன். மூணு மாசத்துக்கு ஒருமுறை வட்டி அக்கவுண்ட்டுக்கு வந்துடும். அதனால கணக்குப்படி பார்த்தா வீட்ல பணக் கஷ்டம் எதுவும் இல்லை. ஆடிட்டர் பையன் போட்ட கணக்காச்சே.

அம்மாதான் விஷயத்தைச் சொன்னாங்க, அப்பா வெளிய போயிருந்தப்ப. "உங்கப்பா மெடிக்கல்ல கணக்கு வெச்சு மாத்திரை வாங்கறாரு கண்ணு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னாரு."

கேட்டா, பென்ஷன் வரலைங்கறது அவருக்கு ஆகஸ்ட்லயே தெரியும். பாஸ்புக் என்ட்ரி போடப் போனப்ப பார்த்திருக்கார். என்கிட்ட ஏன் சொல்லலைனு கேட்டேன். "மெசேஜ் எல்லாம் உனக்குத்தான வருது, நீ ஏதோ மாத்தி விட்ருப்பேன்னு நெனச்சேன்"னார். சரி, வட்டிப் பணம் அக்கவுண்ட்ல இருக்கே, அதை எடுத்திருக்கலாமேன்னேன். "அது நீ பார்த்துக்கற பணம். பென்ஷன்தான் என் பணம்."

எனக்குப் பதில் வரலைங்க.

நாலு வருஷம் முன்னாடி "கே.ஒய்.சி. அப்டேட் பண்ணலைன்னா அக்கவுண்ட் முடங்கிடும்"னு ஒருத்தன் அவருக்குப் போன் பண்ணி, கார்டு நம்பர் வரைக்கும் வாங்கிட்டான். நல்லவேளை, ஓடிபி சொல்றதுக்குள்ள பக்கத்து வீட்டுக்காரர் போனைப் பிடுங்கிட்டார். அன்னிக்கே நான் செஞ்ச முதல் காரியம், அவரோட பேங்க் அக்கவுண்ட்ல இருந்த மொபைல் நம்பரை எடுத்துட்டு என் நம்பரைப் போட்டது. பாதுகாப்புன்னு நினைச்சேன். என் போன்ல ஒரு நாளைக்கு வர்ற மெசேஜ்ல பேங்க் மெசேஜ் மட்டுமே முப்பது நாப்பது. எல்லாத்தையும் மியூட்ல வச்சிருக்கேன். திருடனுக்கு வழியை அடைச்சேன்னு நினைச்சு அப்பாவுக்கு அடைச்சு விட்டிருக்கேன்.

பென்ஷன் நின்னதுக்குக் காரணம் ரொம்பச் சின்னது. உயிர்வாழ் சான்று. இங்க நிறைய பேர் (நான் உட்பட) குழப்பிக்கற ஒரு இடம் இருக்கு. மத்திய அரசு பென்ஷனர்கள் வருஷா வருஷம் நவம்பர்ல சான்று கொடுக்கணும், 80 வயசு தாண்டினவங்க அக்டோபர் 1-ல இருந்தே கொடுக்கலாம். ஆனா இ.பி.எஸ். பென்ஷனுக்கு அந்த நவம்பர் கணக்கு கிடையாது. எந்த மாசம் வேணா கொடுக்கலாம், கொடுத்த தேதியில இருந்து 12 மாசம் செல்லும். அப்பா 2024 ஜூலைல கொடுத்திருந்தார். 2025 ஜூலையோட முடிஞ்சது. நான் "நவம்பர்ல பார்த்துக்கலாம்"னு உட்கார்ந்திருந்தேன். மாநில அரசு பென்ஷனர்களுக்கு நேர்காணல்னு தனி ஏற்பாடு, அதுக்கு தேதி வேற. உங்க வீட்ல யாருக்கு எந்தப் பென்ஷன்னு முதல்ல அதைக் கேட்டு வச்சுக்கோங்க.

அடுத்த நாள் காலைல சான்று எடுக்க உட்கார்ந்தோம். இதுக்கு முன்னாடி கைரேகை வச்சு எடுக்கறப்ப ஒவ்வொரு தடவையும் போராட்டம். மில்லுல நூலோட முப்பது வருஷம் உரசின விரல், ரேகை தேஞ்சு போச்சு. மெஷின் "மீண்டும் முயற்சிக்கவும்"னு சொல்லிக்கிட்டே இருக்கும், க்யூவுல பின்னாடி நிக்கறவங்க உச்சுக் கொட்டுவாங்க. இப்ப முகத்தை வச்சே எடுக்கலாம். 2021 நவம்பர்லயே வந்துடுச்சு. ஜீவன் பிரமாண் ஆப், அதோட ஆதார் ஃபேஸ் ஆர்.டி.ங்கற ஆப், ரெண்டையும் போடணும். முதல்ல "ஆபரேட்டர்"னு போனை இயக்கறவர் தன் ஆதாரையும் முகத்தையும் காட்டணும். அப்பறம் பென்ஷனரோட ஆதார், பி.பி.ஓ. நம்பர், பேங்க் விவரம், கடைசியா அவர் முகம்.

ரெண்டு தடவை ஃபெயில் ஆச்சு. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், முகம் இருட்டு. திண்ணைக்கு வந்து வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழட்டி, கண்ணை ஒருதடவை சிமிட்டினதும் எடுத்துக்கிச்சு. பிரமாண் ஐடி எஸ்.எம்.எஸ்.ல வந்தது. இங்க ஒண்ணு கவனிங்க: ஐடி வந்துட்டாலே வேலை முடிஞ்சதுன்னு அர்த்தமில்லை. பென்ஷன் கொடுக்கற ஆபீஸ் அதை ஏத்துக்கிட்டதான்னும் ஜீவன் பிரமாண் தளத்துல பார்க்கணும். பி.பி.ஓ. நம்பர்ல ஒரு எண் தப்பினா சான்று எங்கயோ போய் நிக்கும். எங்களுக்கு அக்டோபர் கடைசில நாலு மாசத்துக்கும் சேர்த்து 10,960 ரூபாய் வந்தது. நிறுத்தி வச்ச பணம் போயிடாது, சான்று சேர்ந்ததும் நிலுவையோட வரும்.

கூடப் பசங்க யாரும் இல்லாத பெரியவங்களுக்கு, தபால்காரரே வீட்டுக்கு வந்து இதை எடுத்துக் கொடுப்பார். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் பேங்க் சேவை அது. என்னைக் கேட்டா, நான் சொன்ன பத்து ஆப்பையும் விட அந்த ஒரு தபால்காரர் பெட்டர். அதே மாதிரி 70 வயசு தாண்டினவங்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் கொடுக்கறது, வாங்கறது, சான்று வாங்கிக்கறது மாதிரி அடிப்படை சேவைகளை பேங்க் செய்யணும்னு ரிசர்வ் பேங்க் 2017 நவம்பர்லயே சொல்லியிருக்கு. எத்தனை பிராஞ்ச்ல இதை அவங்களாவே சொல்றாங்க? நாமதான் எழுதிக் கொடுத்துக் கேட்கணும்.

இப்ப என் கருத்துக்கு வரேன். இதுக்கு நிறைய பேர் ஒத்துக்க மாட்டீங்கன்னு தெரியும். பெத்தவங்க வயசானதும் அவங்க போனையும் ஓடிபியையும் நாம கையில எடுத்துக்கறோமே, அது பாதுகாப்பு இல்லைங்க. பாதுகாப்பு மாதிரி தெரியற சௌகரியம். சௌகரியம் நமக்கு.

என் கிளையண்ட்ஸ்ல பாதிப் பேர் வீட்ல இதே கதைதான். அப்பா பேர்ல அக்கவுண்ட், பையன் நம்பர்ல மெசேஜ். அம்மா பேர்ல எஃப்.டி., மாப்பிள்ளை மெயில் ஐடி. இதுல இன்ஷூரன்ஸ் இன்னும் விசேஷம். ஹெல்த் பாலிசியில பல வீடுகள்ல இருக்கறது ஏஜென்ட்டோட நம்பரும் ஏஜென்ட்டோட மெயிலும். அவர் தொழிலை விட்டுட்டுப் போனா ரினியூவல் மெசேஜும் அவரோடயே போயிடும். வருஷ பாலிசிக்கு 30 நாள் கிரேஸ் உண்டு, ஆனா அந்த நடுவுல உள்ள நாள்ல ஆஸ்பத்திரியில சேர்ந்தா கிளெய்ம் கிடைக்காது. அந்த 30 நாளையும் தாண்டினா, முன்னாடியே இருந்த வியாதிக்கான காத்திருப்புக் காலம் திரும்ப முதல்ல இருந்து. 68 வயசுல சர்க்கரையோட இருக்கற ஒருத்தருக்கு அது எவ்வளவு பெரிய இழப்புனு நான் சொல்லணுமா?

வரிசையா நல்ல மாற்றங்களும் வந்திருக்கு, அதையும் சொல்லிடறேன். 2024 ஏப்ரல்ல இருந்து புது ஹெல்த் பாலிசி எடுக்க 65 வயசுங்கற வரம்பு இல்லை. பழைய வியாதிக்கான காத்திருப்பு அதிகபட்சம் 3 வருஷம்தான். தொடர்ந்து 5 வருஷம் கட்டிட்டா, மோசடி இருந்தாலொழிய "அன்னிக்கு இதைச் சொல்லலையே"னு கிளெய்மை மறுக்க முடியாது. 2025 ஜனவரில ஐ.ஆர்.டி.ஏ.ஐ. போட்ட உத்தரவுப்படி, மூத்த குடிமக்களுக்கு ஒரு வருஷத்துல 10 சதவீதத்துக்கு மேல பிரீமியத்தை ஏத்தணும்னா கம்பெனி முதல்ல ஐ.ஆர்.டி.ஏ.ஐ.கிட்ட கலந்து பேசணும். 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. இதெல்லாம் நல்லது. ஆனா ரினியூவல் நோட்டீஸ் யார் கைக்குப் போகுதுங்கறதுதான் முதல் கேள்வி.

வரி விஷயமும் அதேதான். 2025 ஏப்ரல்ல இருந்து மூத்த குடிமக்களுக்கு ஒரு பேங்க்ல வருஷ வட்டி ஒரு லட்சம் தாண்டினாதான் டி.டி.எஸ். பிடிப்பாங்க. அதுக்கு மேல வட்டி வந்து, மொத்தத்துல வரி கட்ட வேண்டியதில்லைன்னா அதுக்கான படிவத்தைக் கொடுக்கணும், வருஷா வருஷம் புதுசா. போன வருஷம் கொடுத்தது இந்த வருஷத்துக்கு ஆகாது. நெட் பேங்கிங்ல ரெண்டு நிமிஷ வேலை, ஓடிபி மட்டும் வேணும். அந்த ஓடிபி பெங்களூர்ல மீட்டிங்ல இருக்கற பையனுக்குப் போகும். அவன் சாயந்திரம் பார்ப்பான். அதுக்குள்ள அது காலாவதி. "அப்பறம் பார்த்துக்கலாம்பா." இப்படியே மார்ச் வந்துடும்.

"சார், அவங்க கையில போனைக் கொடுத்தா ஏமாந்துடுவாங்களே"ன்னு கேட்பீங்க. நியாயமான பயம். நானே அந்தப் பயத்துலதானே நம்பரை மாத்தினேன். டிஜிட்டல் அரெஸ்ட்னு சொல்லி வீடியோ கால்ல மணிக்கணக்கா உட்கார வச்சு மொத்தச் சேமிப்பையும் உருவறாங்க. சட்டத்துல அப்படி ஒரு கைதே கிடையாதுன்னு நாம எத்தனை தடவை சொன்னாலும், போலீஸ் யூனிஃபார்மைப் பார்த்ததும் கை நடுங்கறவங்க அவங்க.

அதனால நான் இந்தத் தடவை செஞ்சது இது. பெரிய பணத்தையும் சின்னப் பணத்தையும் பிரிச்சுட்டேன். சேவிங்ஸ் ஸ்கீம் வட்டி வர்ற அக்கவுண்ட்ல யு.பி.ஐ. இல்லை, ஏ.டி.எம். கார்டு இல்லை. எடுக்கணும்னா பிராஞ்சுக்குத்தான் போகணும். பென்ஷன் வர்ற அக்கவுண்ட் தனி. அதுலதான் யு.பி.ஐ., தினசரி லிமிட்டை 2,000-க்கு இறக்கியாச்சு. ஏமாந்தாலும் அவ்வளவுதான் போகும். மாசா மாசம் பெரிய அக்கவுண்ட்ல இருந்து வீட்டுச் செலவுக்கு ஒரு தொகை தானாவே இதுக்கு வந்துடற மாதிரி நிலையான உத்தரவும் கொடுத்தாச்சு, அது "நான் பார்த்துக்கற பணம்"ங்கற பேச்சே வேண்டாம்னு. ரெண்டு அக்கவுண்ட்லயும் மொபைல் நம்பர் அப்பாவோடது. எனக்கு மெயில் அலர்ட் மட்டும். ஆதார்லயும் பழைய நம்பர் இருந்தது, ஆதார் மையத்துக்குப் போய் 75 ரூபாய் கட்டி அவர் நம்பரை ஏத்தினோம்.

போன் கவருக்குள்ள ஒரு சீட்டு. 1930, பணம் போச்சுன்னா உடனே. 14567, முதியோர் உதவி எண், காலை 8-ல இருந்து ராத்திரி 8 வரைக்கும். 1930-க்கு ஏன் உடனேன்னா, ஓடிபியை நாமே சொல்லிட்டாகூட, பேங்க்ல புகார் பதிஞ்சதுக்கு அப்பறம் போற பணத்துக்கு பேங்க்தான் பொறுப்புன்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு. பதியறதுக்கு முன்னாடி போனது நம்ம தலையில. அதனால 1930, பேங்க் ரெண்டுக்கும் அடுத்தடுத்து போன். ஏமாந்தது வெளிய தெரிஞ்சா பையன் திட்டுவான்னு ரெண்டு நாள் மறைக்கறாங்க பாருங்க, அந்த ரெண்டு நாள்தான் காசைக் காலி பண்ணுது. அப்பா மெடிக்கல் கணக்கை மறைச்சதும் இதே காரணத்துக்குத்தான். நான் திட்டற பையன். ஒத்துக்கறேன்.

மெடிக்கல் கணக்கு எவ்வளவுன்னு கேட்டீங்கன்னா, 4,180 ரூபாய். கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கலை. அதைக் கட்டிட்டு வர்ற வழியில அப்பாவை மக்கள் மருந்தகத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். அதே பி.பி. மாத்திரை, கம்பெனிப் பேர் இல்லாம, பாதிக்கும் கம்மியான விலை. தமிழ்நாட்டுல 2025 பிப்ரவரில இருந்து முதல்வர் மருந்தகமும் திறந்திருக்காங்க, ஆயிரம் கடை. ஆனா மாத்தறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சீட்டைக் காட்டிக் கேட்டுக்கோங்க. அப்பா கேட்காம ஒரு ஸ்ட்ரிப்பும் வாங்கலை. டாக்டர் சரின்னு சொன்னதுக்கு அப்பறமும் ரெண்டு மாத்திரையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, மூலப்பொருள் பேரை எழுத்துக்கூட்டிச் சரி பார்த்தார்.

அடுத்த உயிர்வாழ் சான்றுக்கு செப்டம்பர் முதல் வாரம்னு தினசரி காலண்டர் அட்டைக்குப் பின்னாடி அவரே எழுதி வச்சிருக்கார். ஒரு மாசம் முன்கூட்டியே. "நீ மறந்துடுவே"ன்னார்.

போன வாரம் முதல் தடவையா யு.பி.ஐ.ல எனக்கு ஒரு ரூபாய் அனுப்பினார், வருதான்னு பார்க்க. வந்துதுன்னு சொன்னேன். "அப்ப அதைத் திருப்பி அனுப்பு"ன்னார்.