திருப்பணி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும்தானா?

திருவிழாக் காலத்தில் ஆலயத்தை நாடி வரும் மெய்யன்பர்கள் கோபுரத்தைக் கண்ணாரக் கண்டு கைகூப்புகின்றனர். ஆனால், கோபுரத்தின் மறைவான மூலைகளிலும் மதிலின் அடியிலும் கரும்பச்சையாகவும் செம்மஞ்சளாகவும் படரும் கறையை உற்று நோக்குவோர் சிலரே. அவர்களும் அதனை வெறும் அழுக்கென்றே எண்ணுகின்றனர். அஃது அழுக்கன்று, உயிருள்ள பாசியும் நுண்ணுயிர்களும் ஆகும்.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இந்நகரின் சுவர்களில் வளரும் பாசிகளைப் பற்றி 1980ஆம் ஆண்டிலேயே இங்குள்ள தாவரவியல் அறிஞர்கள் ஆய்வு வெளியிட்டுள்ளனர். பாசிப் படலம் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. அதனைத் தொடர்ந்து கற்பாசி பற்றுகிறது. அது சுரக்கும் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கிறது. பறவை எச்சத்தில் வந்த அரச விதை முளைத்துவிட்டாலோ, வேர் சுவரையே பிளந்துவிடும்.

கருங்கல் இத்தாக்குதலை நெடுங்காலம் தாங்கும். செங்கல்லும் சுதையும் அவ்வளவு தாங்கா. 1827இல் தோன்றிய சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் 1973லும், சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயம் 1978லும் தேசிய நினைவுச்சின்னங்களாயின. இவற்றின் கோபுரங்களை அணி செய்பவை சுதைச் சிற்பங்களே என்பதை நாம் மறத்தலாகாது.

நோயைவிடக் கொடிய மருந்தும் உண்டு. அழுத்த நீரைப் பீய்ச்சினால் பாசியோடு மேற்பூச்சும் பெயரும். ஈரமும் உள்ளே புகும். குளோரின் கலவை பாசியைக் கொன்றாலும், அதன் உப்பு நுண்துளைகளில் தங்கிச் சுவரை உதிர்க்கும். சிமெண்டும் பிளாஸ்டிக் வண்ணமும் ஈரத்தை வெளியேற விடாமல் அடைத்துவிடும். தமிழகத்தில் சில ஆலயங்களில் மணல் வீச்சினால் தூண்களைத் தூய்மை செய்தபோது கல்வெட்டு எழுத்துகளே மழுங்கின. பின்னர் அம்முறை தடை செய்யப்பட்டது.

தீங்கற்ற வழிகள் இல்லாமற் போகவில்லை. அண்டை நாடான இந்தோனேசியாவின் போரோபுதூர் பெருங்கோயிலில் 1973 முதல் 1983 வரை மாபெரும் சீரமைப்பு நடைபெற்றது. அங்கே கற்பாசியை நீக்க முன்பு இரசாயனக் கலவை பயன்பட்டது. பிற்காலத்தில் அதற்கு மாற்றாக எலுமிச்சைப்புல் இனத்து நறுமண எண்ணெயை அங்குள்ள பாதுகாப்பு வல்லுநர்கள் ஆராய்ந்து கையாண்டனர். இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், மைக்கலாஞ்சலோ செதுக்கிய பளிங்குக் கல்லறைகளின் கறையைத் தின்று தீர்க்க நன்மை செய்யும் நுண்ணுயிர்களையே ஏவினர். இவற்றைக் கேட்டு நாமே வேப்பெண்ணெயையும் மஞ்சளையும் சுவரில் பூசிவிடக் கூடாது. கல்லுக்குக் கல் தன்மை வேறுபடும். வல்லுநரைக் கொண்டு சிறு இடத்தில் சோதித்த பின்னரே எதனையும் செய்தல் வேண்டும். நினைவுச்சின்னமாயின் தேசிய மரபுடைமைக் கழகத்தின் ஒப்புதலும் தேவை.

எல்லாவற்றிற்கும் முதன்மையான மருந்து ஈரத்தைத் தடுப்பதே. மழைநீர்க் குழாயில் அடைப்பின்றிக் காத்தல், விரிசலைச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்தல், செடி முளையிலேயே களைதல், மென்மையான தூரிகையால் துலக்குதல் ஆகிய இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. அன்பர்களும் தூண்களில் எண்ணெயும் குங்குமமும் தடவாமல், விளக்கை உரிய இடத்தில் ஏற்றினால் போதும். எண்ணெய்ப் பிசுக்கும் சிந்திய பாலும் நுண்ணுயிர்களுக்கு விருந்தாகும்.

இங்கே நன்கொடையாளர்களிடம் ஒன்றைப் பணிவுடன் கூற விரும்புகிறேன். தங்கக் கவசத்திற்கும் கோபுர வண்ணத்திற்கும் மனமுவந்து அள்ளி வழங்கும் நம்மவர், குழாய் துப்புரவுக்கு என்றால் தயங்குகின்றனர். அதில் பெயர் பொறிக்கும் கல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஆண்டுதோறும் சிறு செலவில் முடியும் பணியைப் பன்னிரண்டு ஆண்டு தள்ளிப்போட்டால், குடமுழுக்கின்போது பழைய சிற்பத்தை இடித்துப் புதிது செய்யும் நிலை நேரிடுகிறது. போன சிற்பியின் கைவண்ணம் எப்பொருள் கொடுத்தாலும் மீளாது.

திருநாவுக்கரசர் ஏந்தியது உழவாரப் படை. புல்லும் பூண்டும் களைந்து அவர் செய்த தொண்டே நமக்கு வழிகாட்டி. ஒவ்வோர் ஆலயமும் ஆண்டுப் பராமரிப்புக்கெனத் தனி நிதி ஒதுக்கட்டும். அன்பர்கள் அதனை நிரப்பட்டும். அதுவும் திருப்பணியே.