"சர்வர் வேலை செய்யவில்லை!" மக்களுக்கு முதலில் சொன்னால் என்ன?

மேட்டூர் அணையில் தண்ணீர் எவ்வளவு? சேலம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

அணை கட்டி முடிந்தது 1934-ல். முழு மட்டம் 120 அடி. இன்று எத்தனை அடி, வருவது எவ்வளவு, போவது எவ்வளவு என்று தினமும் பத்திரிகையில் வருகிறது. உபரி நீர் திறந்தால் குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆற்றங்கரைக்கு எச்சரிக்கை போகும். குடியிருப்பவர்கள் மேட்டுக்கு வந்துவிடுவார்கள்.

கம்ப்யூட்டருக்கும் இப்படி ஒரு காவல் உண்டு.

ரேஷன் கடையில் கைரேகை வைக்கிறார்கள். அதைச் சரிபார்ப்பது எங்கோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டர். அதன் பெயர் சர்வர். தனக்கு நடப்பதை எல்லாம் அது நேரம் போட்டு எழுதி வைக்கும். "இடம் குறைகிறது", "சூடு ஏறுகிறது" என்று ஆயிரக்கணக்கில் குறிப்புகள்! அவற்றைப் படிக்கவே தனி மென்பொருள் இருக்கிறது. அது அற்பச் செய்தியைத் தள்ளிவிடும். ஒரே கோளாறு நூறு தடவை வந்தால், ஒரே செய்தியாக்கும். ஆபத்து என்றால் பொறியாளரின் கைபேசி அலறும்.

அலறாவிட்டால்?

2003 ஆகஸ்டு 14. அமெரிக்காவில் ஒகையோ மாநிலம். ஒரு மின்சாரக் கம்பெனியில் எச்சரிக்கை மென்பொருள் சத்தமில்லாமல் நின்றுவிட்டது. நின்றதே ஊழியர்களுக்குத் தெரியாது! மின்பாதைகள் மரங்களில் உரசி, ஒன்றன்பின் ஒன்றாகச் செயல் இழந்தன. மணி அடிக்கவில்லை. அன்று மாலை அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடி பேருக்கு மின்சாரம் போயிற்று.

ஆகவே, காவல்காரனுக்கும் ஒரு காவல் வேண்டும். "உயிரோடு இருக்கிறேன்" என்று அது அடிக்கடி குரல் கொடுக்கவேண்டும். குரல் நின்றால், அதுவே அபாய மணி.

சரி, பொறியாளருக்குத் தெரிந்துவிட்டது. வரிசையில் நிற்கும் தறித் தொழிலாளிக்கு?

"சர்வர் வேலை செய்யவில்லை. நாளைக்கு வாங்க!"

இதைக் கேட்காத குடும்பம் உண்டா? அரை நாள் கூலி போயிற்று. கைக்குழந்தையோடு வந்தவள் வெயிலில் திரும்புகிறாள். கடைக்காரர் பாவம், ஏச்சு அவருக்குத்தான்!

பொருள் வாங்கியதும் கைபேசிக்குச் செய்தி வருகிறது அல்லவா? "இப்போது சர்வர் இல்லை, வரவேண்டாம்" என்றும் அதே வழியில் சொல்லலாமே! அரை மணியில் சரியாகிவிடும், மக்களை ஏன் கலக்கவேண்டும் என்பார்கள் அதிகாரிகள். அணைக்கு வரும் தண்ணீரும்தான் மணிக்கு மணி மாறுகிறது. அதைச் சொல்லாமல் இருக்கிறார்களா?

அதுவரை கடை வாசலில் ஒரு சிலேட்டுப் பலகையாவது தொங்கட்டும். எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு வந்தது என்று சாக்கட்டியால் எழுதினால் போதும்.