கறுப்பு மணலும் கல்வெட்டும்: திரியாயிலிருந்து ஓர் ஆசிரியரின் குறிப்பு

கஷ்டப் பிரதேசப் பாடசாலைகள் பற்றிய பேச்சு கட்டடம், ஆசிரியர் பற்றாக்குறை, புலமைப்பரிசில் பெறுபேறு ஆகியவற்றோடு முடிந்துவிடுகிறது. பிள்ளை ஏன் வகுப்பில் வாய் திறப்பதில்லை என்று நாம் கேட்பது குறைவு.

திரியாயில் காந்தம் பற்றிப் படிப்பித்தேன். ஆய்வுகூடம் இல்லாததால் பழுதடைந்த ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்தைக் கொண்டுபோனேன். அதுவரை பேசாதிருந்த மாணவன் ஒருவன் மறுநாள் பொலித்தீன் பையில் கறுப்பு மணலுடன் வந்தான். "சேர், இதுவும் ஒட்டும்" என்றான். அவனது மாமா புல்மோட்டையில் கனிய மணல் வேலைக்குப் போகிறவர். இரும்பும் டைட்டேனியமும் கலந்த இல்மனைட்டே அந்த மணலில் அதிகம் என்றும், வெள்ளைப் பெயின்ற் தயாரிக்க அது உதவுகிறது என்றும் நான் சொன்னேன். மீதிப் பாடத்தை அவனே நடத்தினான்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்றுதான் கலாசாலையில் எமக்குக் கற்பித்தார்கள். பிள்ளையின் பண்பாட்டை மதிப்பது மீலாத் விழா, வாணி விழா, ஒளிவிழா நடத்துவதோடு முடிவதல்ல. அவன் வீட்டுத் தொழிலுக்கும் பாடத்தில் இடம் வேண்டும்.

விஞ்ஞானத்தில் இது இலகு. ஆளில்லாததால் வரலாறும் என் பொறுப்பு, சங்கடம் அங்கேதான். இவ்வூர் மலையிலுள்ள கிரிஹண்டு சேய விகாரையருகே பழைய கல்வெட்டொன்று உண்டு. மொழி சமஸ்கிருதம், எழுத்து பல்லவ கிரந்தம், அது கூறுவதோ வணிகர் கூட்டங்களைப் பற்றி. கடல் வழியே மொழியும் சமயமும் கலந்த கரை இது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் 1985இல் இடம்பெயர்ந்து மீண்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அம்மலை காணிப் பிரச்சினையாகவே அறிமுகமாகிறது. 2020இல் கிழக்குக்கென நியமிக்கப்பட்ட தொல்லியல் செயலணி அந்த அச்சத்தைக் கூட்டியது. "மலை யாருடையது, சேர்?" என்று கேட்டால் என்ன சொல்வது? முஸ்லிம் ஆசிரியனான நான் இதில் தலையிடலாமா என்று தயங்கி, இருமுறை பேச்சை மாற்றியிருக்கிறேன். அது தவறு. கல்வெட்டில் இருப்பதை நாம் சொல்லாவிட்டால், பிள்ளைக்குக் கிடைப்பது சண்டைக் கதை மட்டுமே.

புல்மோட்டை, குச்சவெளிப் பாடசாலைகளுக்கும் இது பொருந்தும். வலய மட்டத்தில் செய்யக்கூடியவை சில உண்டு. தவணைக்கு ஓரிரு பாடவேளைகளை ஊரைப் படிக்க ஒதுக்கலாம். தவணைப் பரீட்சையில் அதிலிருந்து ஒரு வினாவாவது கேட்கலாம். பரீட்சையில் வராததை யாரும் படிப்பிக்கமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரை அறிந்துகொள்ளும் காலம்வரை ஆசிரியர் அங்கே இருக்க வேண்டும். வந்த நாளிலேயே இடமாற்றத்துக்கு விண்ணப்பிப்பவருக்கு அந்தக் கறுப்பு மணல் ஒருநாளும் கிடைக்காது.