சிறுநீர்ச் சோதனையும் உயிருணரியும்

நீர்க்கடுப்புடன் வைத்தியரை நாடும் நோயாளிக்கு இரு வினாக்களுக்கு விடை வேண்டும். தம்மை வருத்துவது கிருமியா என்பது ஒன்று. எம்மருந்து அதனைக் கொல்லும் என்பது மற்றொன்று. ஆய்வுகூடத்தில் கிருமியை வளர்த்து இவ்விரண்டையும் அறிந்து கூற இரண்டு மூன்று நாட்கள் செல்லும். அதுவரை வைத்தியர் அனுமானத்தின்மீதே மருந்தெழுதுகின்றார். அனுமானம் பிழைத்தால் நோய் சிறுநீரகம்வரை ஏறலாம். வேண்டாத மருந்தை உட்கொண்டாலோ, மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். எம் பழைய மாணவருள் வைத்தியரும் பொறியியலாளரும் பலராதலின் இதனை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

நிறம் மாறும் சோதனைக்கீற்று உண்டே எனச் சிலர் கூறுவர். அது பெரிதும் நம்புவது, நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றும் கிருமிகளின் செயலையும் வெண்குருதிக் கலங்களின் சுவட்டையுமே. எந்தரோகொக்கசு போன்றவை அம்மாற்றத்தைச் செய்வதில்லை. கிருமியின் பெயரையோ, அதற்கேற்ற மருந்தையோ கீற்று ஒருபோதும் சொல்லாது.

நொதியத்தை மின்வாயோடு இணைத்துக் குளுக்கோசை அளக்கலாம் என்று கிளார்க்கும் லயன்சும் 1962 இல் எடுத்துரைத்தனர். உயிருணரி என்னும் துறை அதிலிருந்து கிளைத்தது. 2006 இல் கலிபோர்ணிய ஆய்வாளர் சிலர், கிருமிகளின் றைபோசோம் ஆர்.என்.ஏ.யைப் பற்றிக்கொள்ளும் துண்டுகளைப் பொன் மின்வாய்களிற் பதித்தனர். உரிய கிருமி சிறுநீரில் இருப்பின், நொதியத்தின் துணையால் மின்னோட்டம் எழும். 45 நிமிடத்தில் இனம் தெரிந்தது. அழகிய வேலைதான், ஆயினும் இரண்டாம் வினா அப்படியே நின்றது.

அதற்கு விடைகண்ட கருவிக்கே 2024 இல் பிரித்தானியாவின் லோஞ்சிற்றியூட் பரிசான 80 இலட்சம் பவுண் கிடைத்தது. சுவீடனின் உப்சாலாவில் உருவான அக்கருவி, கிருமி உண்டா என்பதை 15 நிமிடத்திலும், ஏற்ற மருந்து எது என்பதை 45 நிமிடத்திலும் உரைக்கின்றது. நுண்ணிய கால்வாய்களிற் சிக்கிய கிருமிகள் மருந்தினூடே வளர்கின்றனவா என்று நுணுக்குக்காட்டியாற் பார்க்கும் முறை இது. மின்வாய்க்காரர் இதனை உயிருணரியென ஒப்பாமலும் விடலாம். நோயாளிக்கு அவ்வழக்கினால் ஆவது ஒன்றுமில்லை.

ஆயின் விரைவிலும் ஓர் ஆபத்து உண்டு. முதியோர் பலரின் சிறுநீரிலும், நெடுநாட் குழாய் செலுத்தப்பட்டோரின் சிறுநீரிலும் எவ்வித நோயுமின்றியே கிருமிகள் வாழும். அவற்றுக்கு மருந்து பொதுவாக வேண்டுவதில்லை. கருப்பிணிகளும் சில சத்திரசிகிச்சைகளுக்கு ஆயத்தமாவோருமே முக்கிய விலக்கு. அத்தகைய முதியவரைப் பற்றி, ‘கிருமி உண்டு’ என்று கருவி கால்மணி நேரத்திற் கூறியபின் மருந்தெழுதாதிருக்க எத்தனை வைத்தியருக்கு மனவுறுதி இருக்கும்? ஆகவே, அவ்விலக்குகள் தவிர, அறிகுறி இல்லாதவரின் சிறுநீரை இக்கருவியில் இடலாகாது என்னும் விதியை, கருவி வந்திறங்குமுன்னரே வைத்தியசாலைகள் வகுத்துவைத்தல் வேண்டும்.