விசாவுக்குக் காத்திருக்கும் பட்டதாரிகள்

எங்கள் சேரியில் ஒரு வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். கும்மிடிப்பூண்டி முகாம்காரர்கள். மதியம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது பேச்சுக் கொடுத்தேன். இளையவன் பி.எஸ்சி. வேதியியல். பொன்னேரியில் படித்தவன். "கெமிஸ்ட்ரி படிச்சிட்டு பட்டி கலக்கினு கீறியேப்பா" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இதுவும் கெமிஸ்ட்ரிதாண்ணே" என்றான். சிரிக்கவில்லை.

பிறகு அவனாகச் சொன்னான். சிப்காட்டில் ஒரு கம்பெனி. லேபுக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். டெஸ்ட் வைத்தார்கள், பாஸ் செய்தான். கடைசியில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். "அதுல நேஷனாலிட்டின்னு ஒரு கட்டம் இருந்திச்சிண்ணே. நான் பொறந்தது பொன்னேரி ஆஸ்பத்திரில. எலங்கைய போட்டோவுலதான் பாத்திருக்கேன். பொய் எழுதினா கேசாயிடும்னு அப்பா சொல்லுவாரு. ஸ்ரீலங்கன்னுதான் எழுதினேன். மறுநாள் போன் வந்திச்சி. ஃபாரினர்ஸ எடுக்கறதில்ல தம்பின்னுட்டாங்க."

தோழர்களே, இந்த 'ஃபாரினர்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் பிடித்து இழுத்துப் பார்ப்போம்.

அமெரிக்காவில் படிக்கப்போகும் நம்மூர்ப் பிள்ளைகளும் அங்கே ஃபாரினர்தான். படிப்பு முடிந்ததும் 12 மாதம் அங்கேயே தன் துறையில் வேலை பார்க்க அவர்களுக்கு அனுமதி உண்டு. அறிவியல், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கு 2008இல் இன்னும் 17 மாதம் நீட்டித்தார்கள். 2016இல் அந்த நீட்டிப்பை 24 மாதமாக்கினார்கள். ஆக மூன்று வருடம். உள்நாட்டுக்காரன் வேலையைப் பறிக்கிறார்கள் என்று அமெரிக்கத் தொழிற்சங்கம் ஒன்று வழக்குப் போட்டது. 2023 அக்டோபரில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்கவே மறுத்துவிட்டது. 2023-24 கல்வியாண்டுக் கணக்கில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அதில் 97,556 பேர் இந்த அனுமதியில் வேலை பார்த்தவர்கள்.

இந்த வரிசையில் சேரிப் பிள்ளைகள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். இருந்தாலும் நான் அந்த அனுமதியை எதிர்க்கவில்லை. நீட்டிக்கட்டும். அதைக் கேட்பவர்கள் சொல்லும் நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது. "இங்கே படித்தவன், இந்த ஊர் லேபில் கை பழகியவன், அவன் அறிவை ஏன் வீணாக்க வேண்டும்?" இதே நியாயத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கும்மிடிப்பூண்டி முகாம் வாசலில் வைத்தால் மட்டும் நம் நடுத்தர வர்க்கத்துக்குக் காது ஏன் கேட்காமல் போகிறது?

2021 ஆகஸ்டில் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் கொடுத்த கணக்கு: 1983 முதல் வந்தவர்கள் 3,04,269 பேர். 108 முகாம்களில் இருப்பவர்கள் 58,822 பேர். அன்றே 317 கோடி ரூபாய்க்குத் திட்டங்கள் அறிவித்தார். கலை அறிவியல் கல்லூரி மாணவர்களுக்கு வருடத்துக்கு 3,000 ரூபாயாக இருந்த உதவித்தொகை 12,000 ஆனது. அகதிகள் முகாம் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் படித்து முடித்த மறுநாள் அவன் எங்கே போவான்?

அரசு வேலை கிடையாது. தனியார் வேலைக்கோ, கூடாது என்றும் எழுதித் தரமாட்டார்கள், போகலாம் என்றும் எழுதித் தரமாட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மேஸ்திரி பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறான். 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். அகதிக்குப் பிறந்தவன் அகதி. சாதி போலவே இதையும் பிறப்பில் வைத்துவிட்டார்கள். 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு ஓர் ஆணை போட்டது. 2015 ஜனவரி 9ஆம் தேதிக்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு பாஸ்போர்ட், விசா இல்லாததற்குத் தண்டனை இல்லை என்றார்கள். சரி, ஜெயில் இல்லை. வேலை?

இதெல்லாம் ஈழப் பிரச்சினை, தலித் இதழில் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பையனின் தாத்தா பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்தவர். அவருக்கும் முந்தைய தலைமுறை கங்காணி பின்னால் கப்பலேறிப் போனது. அப்படிப் போனவர்களில் பெரும்பகுதி யார்? பறையரும் பள்ளரும் சக்கிலியரும்தான். 1948இல் இலங்கை அவர்கள் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று மாட்டுச் சந்தைபோலப் பங்கு பிரித்தார்கள். பங்குக் கணக்கில் வராதவர்களும், வந்தும் ஏறாதவர்களும் 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு வன்னிக்குப் போய், அங்கிருந்து மன்னார் கடலில் படகேறி வந்தார்கள். பாட்டன் ஊருக்குத் திரும்பிய பேரனுக்கு இங்கே பெயர் வெளிநாட்டான். இப்படிப்பட்ட முகாம்வாசிகள் சிலர் போட்ட வழக்கில், அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஜூனில் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் மூன்று நாடுகளின் பெயர் இருந்தது, இலங்கையின் பெயர் இல்லை.

இனி நம் முதுகையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். "முகாம்காரனுங்க வந்துதான் கூலி கொறஞ்சி போச்சி" என்று எங்கள் தெருவிலேயே பேசுகிறார்கள். அமெரிக்கத் தொழிற்சங்கம் பேசிய அதே பேச்சு. என் அக்கா மகன் பி.எஸ்சி. இயற்பியல். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் 'டிரெய்னி' என்ற பெயரில் மூன்றாவது வருடம் ஓடுகிறது. வருடம் முடிந்தால் நாலு நாள் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கிறார்கள். இங்கே நீட்டிப்பு என்றால் அதுதான். அவனும் முகாம் பையன்களைத்தான் திட்டுகிறான். நான் அவனிடம் கேட்டேன்: "கூலியக் கொறச்சது அவனா, மேஸ்திரியாடா?" கூலி பாக்கி என்று லேபர் ஆபீசில் போய் நிற்க முகாம் பையனுக்குப் பயம். போலீஸ் என்றால் பயம். முகாம் செக்கிங் நாளில் ஆள் இல்லாவிட்டால் பதிவு போய்விடுமோ என்று பயம். அந்தப் பயத்தைத்தான் மேஸ்திரி விலைக்கு வாங்குகிறான். அந்த விலையைக் காட்டித்தான் சேரிப் பையனிடமும் பேரம் பேசுகிறான். முகாம் பையன் கையில் வேலைக்கான காகிதம் இருந்தால், அக்கா மகனின் கூலியும் சேர்ந்துதான் ஏறும். இது இரக்கத்தில் சொல்வதல்ல, கணக்குப் போட்டுச் சொல்வது.

பாபாசாகேப் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியாவுக்குப் போனவர். அவரும் வெளிநாட்டு மாணவர்தான். படித்த படிப்போடு 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தபோது தங்க ஒரு இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். தன் சொந்த நாட்டில் பட்ட இந்த அவமானங்களை எழுதிவைத்த குறிப்புகளுக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பெயர். பிறந்த மண்ணில் விசா கேட்டு நிற்பது என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எடுக்க வேண்டியிருக்கிறது என்றால் வெட்கம் நமக்குத்தான்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முகாமிலிருந்து பட்டமோ டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ முடித்தவனுக்கு, குடியுரிமை வழக்கு முடியும்வரை காத்திருக்கச் சொல்லாமல், வேலை செய்யும் அனுமதியை ஒன்றிய அரசு எழுத்தில் தரட்டும். மூன்று வருடம் என்று எல்லை கட்ட வேண்டாம், அவன் திரும்பிப் போக வேறு ஊர் இல்லை. முகாம் அடையாள அட்டையை வேலைக்கான ஆவணமாகக் கம்பெனிகள் ஏற்க வேண்டும் என்று மாநில அரசு ஆணை போடட்டும். சிப்காட் சங்கங்கள் முகாம் தொழிலாளிக்கும் ரசீது கிழித்து உறுப்பினர் ஆக்கட்டும். சேரி இளைஞர் மன்றங்கள் அடுத்த கூட்டத்தை முகாமில் போடட்டும். நடந்துபோகிற தூரம்தான்.

சாயங்காலம் வேலை முடிந்து கை கழுவிக்கொண்டே அவன் என்னிடம் வந்தான். "அண்ணே, வேற எங்கனா பெயிண்ட் வேலை இருந்தா சொல்லுங்க" என்று நம்பர் கொடுத்தான். எழுதிக்கொண்டேன். லேப் வேலை எங்காவது இருந்தால் சொல்லுங்கள் என்று அவன் கேட்கவில்லை.