லோரி காரான கதை

சுமை ஏற்றுவது லோரி, ஆள் ஏறுவது கார். இதுதானே நம் கணக்கு? அமெரிக்காவில் இந்தக் கணக்கு குழம்பிப் பல காலமாகிவிட்டது. 1975இல் அங்கு விற்பனைக்கு வந்த 100 புதிய வண்டிகளில் சுமார் 80 கார்கள். 'சிறு லோரி' என்னும் பிரிவில் 20தான். இன்று அந்தப் பிரிவு 60ஐத் தாண்டிவிட்டது.

சுமை பெருகிவிட்டதா? அதெல்லாம் இல்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, வண்டிகள் குறைவாக எண்ணெய் குடிக்க வேண்டுமென்று 1975இல் சட்டம் போட்டார்கள். காருக்குக் கடுமையான அளவு, லோரிக்குச் சலுகை. உழைப்பவன் பிழைக்க லோரி வேண்டுமே! கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? லோரியின் அடிப்பாகத்தில் காரின் உடம்பைப் பொருத்தி, மெத்தை போட்டுக் குடும்பங்களுக்கு விற்றார்கள். ஏட்டில் அது லோரி! இறக்குமதி லோரிக்கு 1964 முதல் 25 விழுக்காடு வரி வேறு; பிக்கப் வியாபாரத்தில் வெளிநாட்டுப் போட்டி குறைந்தது, இலாபம் கொழுத்தது. சாதாரணக் கார்களைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2018இல் ஃபோர்டு கம்பெனியே அறிவித்தது.

உயரத்தில் உட்கார யாருக்குத்தான் கசக்கும்? வாங்குகிறவரைக் குறை சொல்லவில்லை. நடந்து போகிறவர் பாடுதான் கவலை. தாழ்ந்த கார் மோதினால் பெரும்பாலும் காலில் படும். உயர்ந்த வண்டி நெஞ்சில் மோதும். போனட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், தாழ்ந்து சரிந்த போனட் உள்ள வண்டியைவிட உயிர்போகும் வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு அதிகம் என்று 2023இல் அங்கு ஓர் ஆய்வு கண்டது.

உங்கள் வீட்டு நான்கு வயதுப் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி அளந்து பாருங்கள். ஏறக்குறைய அதே 40 அங்குலம்தான் இருக்கும்.